பெரியாயி வீட்டுக் கொல்லை

ஈரக்கல் தோட்டத்தில் பெரியாயி நட்டு வைத்த ஆவாரஞ்செடி, முதல் குடம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் காலையில் ஒரு முழம் தள்ளி நின்றது. பழைய இடத்தில் குழி இல்லை. புதிய இடத்தில் மண் கிளறியிருக்கவில்லை. முளைத்த நாளிலிருந்து அங்கேயே நிற்பதுபோல இலைகளை விரித்துக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றது. இது நடந்தது 1890ஆம் ஆண்டு ஆடி மாதம். அந்த மாதத்தில் பண்டாரவளைக் கடைகளில் அரிசி விலை ஏறியது, கொஸ்லந்தவில் ஒரு பசு இரட்டைக் கன்று போட்டது, ஈரக்கல்லில் செடி நகர்ந்தது. முதல் இரண்டைப் பற்றித்தான் ஆட்கள் அதிகம் பேசினார்கள்.

இலங்கை மலைநாட்டில் கொஸ்லந்தவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் ஈரக்கல் என்றே சொன்னார்கள். பெரியாயி அங்கே கொழுந்து பறித்தாள். அவள் புருஷன் அழகர் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் போன பெரியாயி, மலை சரிந்து வெல்லவாய பக்கமாக இறங்கும் விளிம்பு வரை போய்விட்டாள். கச்சான் என்கிற வறண்ட காற்றில் அங்கே புல் கருகிக் கிடந்தது, பெரிய மரங்கள்கூட இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன. பாறை இடுக்கில் ஒரு புதர் மட்டும் மஞ்சள் அரைத்துக் கொட்டியதுபோல் பூத்திருந்தது. அதன் காலடியில் முளைத்திருந்த கன்று ஒன்றை வேர்மண்ணோடு தோண்டி முந்தானையில் முடிந்துகொண்டு, விறகை மறந்துவிட்டு வீடு வந்தாள்.

எதையும் ஊற்றி ஊற்றி வளர்ப்பதுதான் பெரியாயிக்குப் பழக்கம். அவள் ஊற்றிய தண்ணீரில் இஞ்சி அழுகியிருந்தது, மிளகாய்க் கன்று அழுகியிருந்தது, துலுக்கச் செவ்வந்தி பூக்காமலே அழுகியிருந்தது. அவள் ஊற்றுகிற கஞ்சிக்குப் பயந்து அழகர் சாப்பிட்டு முடித்ததும் வட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் கையையும் வைத்துக்கொள்வான். ஆவாரஞ்செடிக்கும் மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வந்து அவள் அந்தி தவறாமல் ஊற்றினாள். ஊற்றிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் செடியும் விடிவதற்குள் தள்ளிப்போய் நின்றது. "காட்டுல அதுக்கு யாரு தண்ணி ஊத்துனா?" என்று அழகர் கேட்டான். "காட்டுல யாரும் இல்ல. இங்க நான் இருக்கேன்ல," என்றாள் பெரியாயி.

இப்படியே போய், செடி ஒருநாள் ஒரே கூரை போட்ட லயத்து வரிசையில் அடுத்த அறையான காம்பராவில் இருந்த பேச்சியம்மாவின் கீரைப் பாத்திக்கு நடுவில் நின்றது. பேச்சியம்மா அதைப் பிடுங்கப் பார்த்தாள். பெரியாயி குறுக்கே விழுந்தாள். விஷயம் தம்பையா கங்காணியிடம் போய், அவரும் தீர்க்க முடியாமல் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரைக்கு முன்னால் வைத்தார். அன்று துரைக்கு நல்ல மனநிலை. தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழில் தீர்ப்புச் சொன்னார்: "செடி யாரு செடி? இவ செடி. செடி எங்கே நிக்குதோ அங்கே வரைக்கும் இவ கொல்லை. வேலி போடு. தேயிலை தொடாதே. போ." துரை சொன்ன சொல் தோட்டத்தில் சட்டம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்வது துரைக்கே வழக்கமில்லை. பெரியாயி கவ்வாத்துக் குச்சிகளை இரண்டு பக்கமும் ஊன்றி, தன் வீட்டுப் பின்வாசலிலிருந்து செடிவரை இரண்டு கை விரிக்கும் அகலத்தில் வேலி போட்டாள். பேச்சியம்மா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை.

பெரியாயிக்கு ஒரு தங்கை இருந்தாள், பவளாயி என்று பெயர். இரண்டு பேரும் 1888இல் ஒரே கப்பலில் வந்தவர்கள். பெரியாயி அழகரோடு தம்பையா கங்காணியின் ஆட்களில் வந்தாள். தங்கை, சித்தப்பா குடும்பத்தோடு வேறொரு கங்காணியின் ஆட்களில் வந்தாள். அப்புத்தளைக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கங்காணி இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் தங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பாதையும் மேலே எங்கேயோ போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்த அக்காளும் தங்கையும் கையைக்கூட ஆட்டிக்கொள்ளவில்லை. பாதைகள் சேரவில்லை. பவளாயி போனது நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு என்பதையே துணி மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக விற்கும் மொஹிதீன் சொல்லித்தான் பெரியாயி தெரிந்துகொண்டாள்.

செடி வந்த மறு வருஷம், ஆவணியில் பவளாயிக்குக் கல்யாணம் என்ற செய்தியையும் மொஹிதீன்தான் கொண்டுவந்தார். பெரியாயி தம்பையா கங்காணியின் வாசலில் போய் நின்றாள். கங்காணி கொடுக்கிற துண்டு என்ற சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டுகிறவர்களைப் பொலிஸ்காரர் பிடித்து மறியல் சிறையில் போட்டுவிடுவார்கள்.

"போக வர ரெண்டு மூணு நாளுதாங்க ஐயா. தாலி கட்டுறதக் கண்ணால பாத்துட்டு ஓடியாந்துர்றேன்."

"இன்னிக்கு உனக்குக் குடுத்தா நாளைக்கு மலையே காலியாயிடும். போம்மா, போய் வேலையப் பாரு," என்றார் தம்பையா. அவர் கெட்டவர் இல்லை. அப்படிச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம்.

கல்யாணத்தன்று பெரியாயி நாள் முழுதும் கொழுந்து பறித்தாள். அந்தியில் பீலியிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை, எங்கே ஊற்றுகிறோம் என்று பார்க்காமல், செடிக்குக் கீழே சரிவில் நின்று குடத்தோடு வீசிக் கொட்டினாள். காலையில் செடி நான்கு முழம் மேலே ஏறி நின்றது. ஏறிய திசையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூடுபனி விலகி, தூரத்தில் ஒரு மலை நின்றது.

அடுத்த முறை மொஹிதீன் வந்தபோது, "மொஹிதீன் நானா, நமுனுகுல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். மொஹிதீன் மூட்டையை இறக்காமலே குடையால் காட்டினார். "அந்தா, ஒம்பது முடியா ஏறி எறங்குதே, அதுதான்." அது செடி போன திசை.

பெரியாயி இதை அழகரிடம் மட்டும் சொன்னாள். அவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். "ஒரு ராவுக்கு நாலு முழம். எப்பப் போய்ச் சேர?" என்றான். "இன்னிக்கு ஊத்தலைன்னா அதுக்கும் மேல ஒரு நாளாகும்," என்றாள் அவள். அழகர் எழுந்து போய்க் கவ்வாத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தான்.

அன்றிலிருந்து பெரியாயி அந்திதோறும் செடிக்குத் தென்மேற்கில் நின்று ஊற்றினாள். செடி தண்ணீரை விட்டு விலகி வடகிழக்காகப் போனது. செடி வளர வளர அதன் எட்டும் நீண்டது. இடுப்பளவு வளர்ந்தபோது ஒரே இரவில் கல்லெறி தூரம் போயிற்று. ஆளுயரம் வந்தபோது ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் நின்றது. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எல்லாப் பக்கமும் ஈரம் என்பதால் எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த மாதங்களில் புருஷனும் பெண்டாட்டியும் வேலியைச் செப்பனிட்டார்கள். வேலி தேயிலை வரிசைகளுக்கு இடையில் ஒரு தூரைக்கூடத் தொடாமல் வளைந்து வளைந்து போயிற்று. செடி போன வழியில் விதை விழுந்து, வேலிக்குள் ஆவாரை அடர்ந்தது. ஆடிக் காற்றில் மலைச்சரிவெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அதன் நடுவே மஞ்சள் கோடு ஒன்று ஏறி இறங்கியது.

வேலிக்குள்ளே தூரம் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது அழகர். செடி மூன்றாவது மலையைத் தாண்டிய சமயம், அவன் குச்சி ஊன்றப் போயிருந்தான். கருவாடு தீயும் வாசம் வந்தது. திரும்பிப் பார்த்தால் தன் வீட்டுப் பின்வாசல் பத்து எட்டில் இருந்தது, அடுப்பில் புகை, பெரியாயி ஊதிக்கொண்டிருந்தாள். வேலிக்கு வெளியே காலை வைத்துப் பார்த்தான். வீடு மூன்று மலைக்கு அப்பால் போய்விட்டது. பதறிப்போய்க் காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் திரும்ப வந்தது. வீட்டுக் கொல்லை எவ்வளவு நீண்டாலும் வீட்டுக் கொல்லைதானே, உலை கொதிப்பதற்குள் கடைசிவரை போய்விட்டுத் திரும்பும் தூரம்தான் அதற்கு உண்டு என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அதனால் பெரியாயிக்குக் குடம் சுமப்பது ஒருநாளும் கூடுதல் பாரமாகவில்லை. மொஹிதீனும் இதைத் தெரிந்துகொண்டு, மேட்டில் ஏற வேண்டிய நாட்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வழியாகப் போய் வந்தார்.

செடி ஈரக்கல்லின் எல்லைக் கல்லைத் தாண்டிய அன்று தம்பையா கங்காணி ஒரு காவல்காரனையும் ஒரு பொலிஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியாயி எல்லைக்கு அப்பால் குடத்தோடு நின்றாள். இரண்டு பக்கமும் வேலி இருந்தது.

"துண்டு இல்லாம தோட்டத்த விட்டு வந்துட்டியே," என்றார் பொலிஸ்காரர்.

"கொல்லப்பக்கம் வர்றதுக்கும் துண்டு வேணுமாங்க?" என்று கேட்டாள் பெரியாயி.

பொலிஸ்காரர் வேலிக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். வேலியின் மறுமுனையில் அழகர் அடுப்பிலிருந்து பானையை இறக்கிவைப்பது தெரிந்தது. அவர் கங்காணியைப் பார்த்தார். கங்காணி துரையிடம் போனார். துரை கேட்டது ஒரே கேள்வி: "வேலிக்குள்ளே இருக்கா?" "இருக்கா தொரைங்களே." "அப்ப வீட்டிலே இருக்கா." அதோடு முடிந்தது. ஆனாலும் மனம் பொறுக்காத தம்பையா, அவள் எங்கேதான் போகிறாள் என்று பார்ப்பதற்காக வேலிக்கு வெளியே கூடவே நடந்து பார்த்தார். அவர் ஒரு ஓடையைச் சுற்றி, ஒரு பாறையில் ஏறி, மேல்மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் பெரியாயி தண்ணீர் ஊற்றி, வீடு திரும்பி, சாப்பிட்டு, பாத்திரம் கழுவியிருந்தாள். அவளே அவருக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வேலிக்கு மேலாக நீட்டினாள். "உள்ள வாங்க ஐயா, வெயில்ல நிக்காதீங்க," என்றாள். அவர் வேலிக்குள் காலை வைத்ததும் பெரியாயி வீட்டுப் பின்வாசலுக்கே வந்துவிட்டதைக் கண்டு, மோரைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்கப்பால் சிங்களக் கிராமம் ஒன்று இருந்தது. அங்கே புஞ்சி மெனிக்கே என்ற பெண்ணின் வயல் குறுக்கே கிடந்தது. வயலில் தண்ணீர் கட்டியிருந்ததால் செடி வரப்போரத்தில் வந்து நின்றுகொண்டது. எவ்வளவு ஊற்றினாலும் முன்னால் போகவில்லை, இலை மட்டும் நடுங்கியது. புஞ்சி மெனிக்கே மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து செடியைச் சுற்றிப் பார்த்தாள். "இது ரணவரா. எங்கட காட்டு மரம். நீ எங்க கொண்டு போறது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள். "தங்கச்சி வீட்டுக்கு," என்றாள் பெரியாயி. புஞ்சி மெனிக்கே மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினாள். அவளுக்கும் வெல்லவாய பக்கத்தில் கட்டிக்கொடுத்த ஒரு தங்கை இருந்தாள். "அப்போ போகட்டும்," என்று சொல்லிவிட்டு, அந்தப் போகத்தில் வயலுக்கு நடுவே இரண்டு கை அகலத்துக்கு வரப்பைப் போட்டுக் கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் நெல் குறைந்தது. பதிலுக்கு வருஷாவருஷம் ஆவாரம்பூவைக் கூடை கூடையாகப் பறித்துக் காயவைத்து, கொதிநீரில் போட்டுக் குடித்தாள். குடித்தவர்களுக்கு வெயில் காலத்தில் தாகம் எடுக்கவில்லை என்று அந்த ஊரில் சொன்னார்கள்.

ஆற்றில்தான் சிக்கல் வந்தது. எல்ல என்ற ஊருக்குக் கீழே பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றங்கரையில் வந்து நின்ற செடி நான்கு வருஷம் அங்கேயே நின்றது. ஆற்றுக்கு வரப்புப் போட யாராலும் முடியாது. பெரியாயிக்கு முன்முடி நரைத்தது. பவளாயிக்குப் பிள்ளைகள் பிறந்த செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக மொஹிதீன் கொண்டுவந்தார். ஒவ்வொரு தடவையும் பெரியாயி ஆற்றங்கரையில் போய் நின்று, அக்கரையில் எழும்பிய நமுனுகுல மலையைப் பார்த்துவிட்டு வந்தாள். 1906ஆம் ஆண்டு சித்திரையில் அவர் கொண்டுவந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. பவளாயியின் கங்காணி தை பிறந்ததும் தன் ஆட்கள் எல்லோரையும் களனிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். களனி எங்கே இருக்கிறது என்று பெரியாயி கேட்டாள். மொஹிதீன் குடையைத் தூக்கினார், எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் கீழே போட்டார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆனியில் ஓடைகள் வற்றின. ஆடியில் ஆறு வற்றி, படுகையில் வெறும் கல் தெரிந்தது. செடி கடந்துபோக வழி திறந்துவிட்டது. ஆனால் அதை நகர்த்த ஒரு குடம் தண்ணீர் இல்லை. பீலியில் சொட்டுச் சொட்டாக விழுந்ததைத் தம்பையா கங்காணி காவல் போட்டு வீட்டுக்கு அரைக் குடமாக அளந்து கொடுத்தார். பெரியாயி தன் பங்கைக் கொண்டுபோய் ஊற்றினாள். செடி ஒரு சாண் நகர்ந்தது. அழகரும் அவளும் இரண்டு நாள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு கிடந்தார்கள். மூன்றாம் நாள் அவள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆவணி கழிந்தது. ஐப்பசியில் மழை இறங்கி ஆறு நிறைந்துவிட்டால் பிறகு தை வந்துவிடும்.

முதலில் வந்தவள் பேச்சியம்மா. கையில் ஒரு சட்டி வைத்திருந்தாள். "இது அரிசி களைஞ்ச தண்ணிதான். செடி கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள்.

"கோவிச்சுக்கிட்டா நல்லதுதான். வேகமாப் போகும்," என்றாள் பெரியாயி.

அவளுக்குப் பின்னால் லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் என்று அவரவர் சட்டியில் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் கப்பலில் சேர்ந்து வந்தவரை வழியில் தவறவிடாதவள் ஒருத்தியும் இல்லை. ஒருத்தியின் அண்ணன் மாத்தளையில் இருந்தான், ஒருத்தியின் அம்மா எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. வரிசையாகக் கொல்லை வழியே நடந்து ஆற்றுப்படுகையில் இறங்கிச் செடிக்குப் பின்னால் ஊற்றினார்கள். புஞ்சி மெனிக்கேயும் வயல் மூலையில் கிணறு போல் தோண்டியிருந்த குழியிலிருந்து கலங்கல் தண்ணீரை முகந்துகொண்டு வந்தாள். யாரோ குலவை போட்டார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஊற்றியதைச் செடி அதுவரை கண்டதில்லை. பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிறுபெண்ணைப்போல் அது கல்லுக்குக் கல் தாண்டி அக்கரை ஏறியது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெரியாயி மட்டும் வேலிக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அக்கரை ஏறிய செடிக்கு அதன் பிறகு அதிகம் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அது நமுனுகுல பக்கத்தில் ஒரு லயத்துக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாம்பல் போட்டுப் பானை விளக்கிக்கொண்டிருந்தாள். நேற்று இல்லாத புதரையும், அதற்குப் பின்னால் குடத்தோடு நின்ற நரைமுடிக்காரியையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணிக்கு வந்தீங்களா? பீலி அந்தப் பக்கம் இருக்குங்க."

"தண்ணி இருக்கு," என்றாள் பெரியாயி. குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, "நான் பெரியாயி," என்றாள்.

பவளாயி பானையைக் கீழே வைத்தாள். அக்காளின் முகத்தை, கையை, காலை எல்லாம் ஒருமுறை பார்த்தாள். "எங்கக்கா ஒல்லியா இருப்பா," என்றாள்.

"இருந்தேன்."

பவளாயி எழுந்து வந்து, சாம்பல் கையோடு அக்காளின் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்தாள். பெரியாயியின் கன்னத்தில் பத்து விரலும் பதிந்தன. கப்பல் இறங்கிய பிறகு இரண்டு பேரும் அழுதது அன்றுதான். அழுது முடித்ததும் பவளாயி கேட்டாள், "எப்படி வந்த? துண்டு குடுத்துட்டாங்களா?"

"எதுக்குத் துண்டு? நான் வீட்டுக் கொல்லைலதானே நிக்கிறேன்," என்று பெரியாயி சொல்லி வாய் மூடுவதற்குள் சோறு அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. "ஐயையோ, உலை," என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பவளாயி தன் அக்காளின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனது அப்படித்தான், சாம்பல் கையோடு, பத்து எட்டில். பின்னாலேயே அவள் பிள்ளைகள் ஐந்து பேரும் வேலிக்குள் புகுந்து வந்தார்கள். அழகர் வட்டிலைக் கவிழ்க்காமல் எல்லோருக்கும் நீட்டினான்.

தையில் அந்தக் கங்காணி தன் ஆட்களைக் களனிக்குக் கூட்டிப்போக வந்தபோது பவளாயியும் புருஷனும் பிள்ளைகளும் மூட்டையோடு வேலிக்குள் நின்றுகொண்டார்கள். அவர் கூப்பிட்டுப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். வேலியின் ஈரக்கல் முனையில் தம்பையா கங்காணி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அவங்க நிக்கிறது எங்க லயத்துக் கொல்லைங்க. எங்க தொரை சொல்லியிருக்காரு," என்றார். ஏழு பேர் சும்மா கிடைத்தால் எந்தக் கங்காணிக்குத்தான் கசக்கும். தகராறு துரைமார் வரைக்கும் போய், அவர்களுக்கே சலித்துப்போய், கடைசியில் விட்டுவிட்டார்கள்.

பவளாயி தன் பழைய காம்பராவிலேயே இருந்து பழைய தோட்டத்திலேயே பேர் போட்டாள், ஈரக்கல்லிலும் இருந்தாள். பெரியாயி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். செடி அங்கேயே வேர் பிடித்து, மரமாகப் பருத்து, மழையில்லாத மாதங்களில் கிளை தெரியாமல் பூத்தது. பழக்கம் விடாமல் அவள் தங்கை பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். அவர்கள் வாங்கி வாங்கிக் குடித்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தபோது வேலிக்குள் இருந்த இரண்டு கை அகலம் மட்டும் நனையாமல் கிடந்தது. கீழே போகிறவர்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, மூடுபனி கவிந்த ஒரு காலையில், இரண்டு தோட்டத்திலும் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளம் ஒரே நேரத்தில் அடித்தது. பேசிக்கொண்டே எழுந்த அக்காளும் தங்கையும் ஆளுக்கொரு கூடையை மாட்டிக்கொண்டு திசை மாறிப் போய்விட்டார்கள். ஈரக்கல்லில் கணக்கப்பிள்ளை, "பெரியாயி," என்று கூப்பிட்டார். "இருக்கேங்க," என்றாள் பவளாயி. அவர் நிமிர்ந்து பார்த்தார். பேச்சியம்மாவைப் பார்த்தார். பேச்சியம்மா மலையைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை பேர் போட்டுக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.